மலேரியா என்ற சொல்லும் முறைக்காய்ச்சலும்

தோட்டத்து மருந்தகத்தில் நெடுங்காலம் நடந்த ஓர் உரையாடலை உங்களில் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். "என்ன செய்யுது?" என்று டிரெசர் கேட்பார். "காய்ச்சலுங்க ஐயா" என்று நம்மவர் சொல்வார். சீட்டில் 'ஃபீவர்' என்று எழுதப்படும். அத்துடன் பேச்சு முடிந்தது. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ நோய்கள் ஒளிந்திருந்தன. அவற்றுள் நம் முன்னோரைப் பெரிதும் வாட்டியது மலேரியா.

இச்சொல்லை ஆங்கிலேயர் இத்தாலிய மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 'மாலா ஆரியா' என்றால் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்துக் காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்று நம்பிய காலத்துப் பெயர் அது. பெயரிலேயே பிழை இருக்கிறது! நம்மவர் இதனை 'முறைக்காய்ச்சல்' என்றார்கள். முறை வைத்து வருவதால் அந்தப் பெயர். நோயின் காரணத்தை அது சொல்லவில்லை. நோயாளி பட்ட பாட்டைச் சரியாகச் சொன்னது. என்னைக் கேட்டால், தமிழ்ப் பெயரே மேலானது என்பேன்.

உண்மைக் காரணம் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்தராபாத்தில் வெளிப்பட்டது. நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியை ரொனால்டு ராஸ் கண்டார். 1901இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்ஹாம் துறைமுகம் அவ்வாண்டில்தான் திறக்கப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் காய்ச்சலில் படுத்தார்கள். சதுப்பு நீரை வடித்து, காட்டைத் திருத்தச் செய்தார் வாட்சன். காய்ச்சல் தணிந்தது.

ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் இதே வைத்தியம் எதிர்மாறாக முடிந்தது. அங்குள்ள கொசு வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் முட்டையிடுவது. ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டியதும் ஓடைகளில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. பிறகு ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே விட்டார்கள். தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தார்கள். தோளில் எண்ணெய்த் தொட்டியைச் சுமந்து நடந்தவர்கள் நம்மவர்களே. கொயினாவும் கொடுக்கப்பட்டது. கசப்பு ஒரு பக்கம், காதில் இரைச்சல் ஒரு பக்கம். அதைத் துப்பியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, மருத்துவரிடம் என்ன சொல்லவேண்டும்? 'ஃபீவர்' என்பது மட்டும் போதாது. குளிரெடுத்து உடல் நடுங்கினால் 'ஷிவரிங்' என்று சொல்லுங்கள். பிறகு கொட்டும் வியர்வை 'ஸ்வெட்டிங்'. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் 'எவ்ரி அதர் டே'. நம் 'முறை' என்ற சொல்லில் அடங்கியிருந்த செய்தி இதுவே.

மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவழி பரவும் மலேரியா, 2018ஆம் ஆண்டில் மலேசியாவுக்குள் ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசுவழி வரும் மலேரியா இன்னும் இருக்கிறது, உயிரையும் வாங்குகிறது. இதில் காய்ச்சல் நாள்தோறும் வரும்; முறையைப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே காட்டோரம் வேலைக்குப் போயிருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை முதலில் சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் 'ஜங்கிள்', மலாயில் 'ஹூத்தான்'. அந்த ஒரு சொல் காதில் விழுந்தால், இரத்தத்தைச் சோதிக்கவேண்டும் என்பது அவருக்கு விளங்கிவிடும்.