படிகத்தன்மையும் பெட்டேஸும்: 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின் மறுவாசிப்பு

கடல்நீரில் கலந்துவிட்ட நுண்நெகிழியை மேம்படுத்திய நொதிகளைக் கொண்டு அங்கேயே சிதைத்துவிடலாம் என்று வாதிடுவோர், சான்றாக முதலில் நீட்டுவது 2016 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான யோஷிதா குழுவினரின் கட்டுரையை. இடியோனெல்லா சக்காயென்சிஸ் என்னும் பாக்டீரியா 30 டிகிரி செல்சியஸில், ஆறு வாரங்களில், தண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர் இழையும் செய்யப் பயன்படும் பெட் நெகிழியின் படலத்தை ஏறத்தாழ முழுவதும் சிதைத்தது. ஆகவே இயற்கை வெப்பநிலையில் பெட்டைச் சிதைக்கும் நொதி (பெட்டேஸ்) கிடைத்துவிட்டது, இனி அதன் வேகத்தைக் கூட்டினால் போதும் என்கிறார்கள். அக்கட்டுரை இந்த முடிவுக்கு இடம் தரவில்லை என்பது என் கருத்து.

அங்கே பயன்பட்ட படலத்தின் படிகத்தன்மை வெறும் 1.9 சதவீதம். தண்ணீர் பாட்டிலிலும் பாலியெஸ்டர் இழையிலும் அது பெரும்பாலும் 30 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். படிகப் பகுதியில் சங்கிலிகள் இறுக அடுக்கப்பட்டிருப்பதால் எஸ்டர் பிணைப்பு நொதிக்கு எளிதில் எட்டுவதில்லை. இந்த ஆட்சேபம் அதே ஆண்டில் அதே இதழிலேயே எழுந்தது. கட்டுரையாசிரியர்களும் இதை மறைக்கவில்லை. பாட்டிலிலிருந்து எடுத்த பெட் மீதும் தங்கள் நொதி, ஒப்பிட்ட பிற நொதிகளை விஞ்சியது என்று கூறும் இடத்திலேயே, இறுக்கமான அமைப்பு நீராற்பகுப்பைப் பெரிதும் குறைக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். பின்வந்தோர் முற்பாதியை எடுத்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிட்டனர். பிற நொதிகளை விஞ்சுவதாலேயே ஒரு நொதி கடலுக்குப் போதுமானதாகிவிடாது.

அடுத்துவந்த வெற்றிகளும் இதையே உறுதிசெய்கின்றன. 2020இல் துலூஸ் ஆய்வாளர்களும் கார்பியோஸ் நிறுவனமும் உருவாக்கிய திரிபு நொதி, 10 மணி நேரத்தில் பெட் கழிவில் 90 சதவீதத்தைச் சிதைத்தது. ஆனால் அது நடந்தது 72 டிகிரியில். கழிவை முன்னதாக உருக்கிப் படிகத்தன்மையைக் குறைத்து, அரைத்த பிறகு. 2022இல் டெக்சஸில் உருவான ஃபாஸ்ட்-பெட்டேஸ் 50 டிகிரியில் இயங்கியது. அதற்கும் முழு பாட்டிலைச் சிதைக்க வெப்பத்தால் பதப்படுத்த வேண்டியிருந்தது.

துகள் சிறுத்தால் பரப்பு கூடும், எனவே நுண்நெகிழி எளிதில் சிதையும் என்பது வலுவான எதிர்வாதம். எனினும் வெயிலும் நீரும் முதலில் அரிப்பது படிகமற்ற பகுதிகளை. அறுந்த சங்கிலிகள் மீண்டும் இறுக அடுக்கப்பட்டுப் படிகமாவதும் உண்டு. கடலில் நெடுநாள் கிடந்த துகளில் எஞ்சியிருப்பது, பெரும்பாலும் நொதி தொடத் தயங்கும் பகுதிதான். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் துகள்களிலோ நீராற்பகுப்புக்குரிய பிணைப்பே இல்லை. மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் கடலில் விடும் யோசனைக்கு நீண்ட மறுப்பு தேவையில்லை: விட்டதைத் திரும்பப் பெற முடியாது.

நொதிக்கு உரிய இடம் இருக்கிறது. துணி துவைக்கையில் உதிரும் பாலியெஸ்டர் இழைகளில் பெரும்பகுதி, சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ள ஊர்களில் கழிவுநீர்ச் சேற்றில் தங்கிவிடுகிறது. சில நிலையங்களில் அச்சேறு 55 டிகிரியளவில் செரிக்கப்படுகிறது. துகள் திரண்டிருக்கும் இடமும் வெப்பமும் அங்கே ஒருங்கே கிடைக்கின்றன. சேற்றிலுள்ள பிற நொதிகள் பெட்டேஸையே சிதைத்துவிடுமா என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். அச்சோதனைகள் கடையில் வாங்கிய படலத்தில் அல்லாமல், சேற்றிலிருந்து பிரித்தெடுத்த பழைய இழைகளில் நடக்க வேண்டும். இழையின் படிகத்தன்மையை வினைக்கு முன்னும் பின்னும் அளந்து வெளியிட வேண்டும்.