சுண்டிப் பார்த்த உலோகம்: வழிகாட்டிக் கம்பியின் வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் சிதம்பரத்துக்கோ புதுச்சேரிக்கோ கொண்டுபோகிறார்கள். வீடு திரும்பியதும் ‘ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வைத்தார்கள்’ என்று சொல்வார்கள். ஸ்டென்டுக்கு முன்னால் உள்ளே போய், வழி பிடித்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் வெளியே வந்துவிட்ட கம்பியைப் பற்றிப் பேச்சே இராது. கேத் லேப்பில் அதற்குக் கைடு வயர் என்று பெயர். இதயத் தமனிக்குள் செல்லும் கம்பியின் தடிமன் ஏறத்தாழ 0.36 மில்லிமீட்டர். ஊசியைக் குத்தி, அதன் வழியே கம்பியை நுழைத்து, ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேல் குழாயை ஏற்றும் முறையை ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஸ்வென் இவார் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்டார். அது தெரிந்த கதை. கம்பியின் உலோகம் எஃகிலிருந்து நிக்கல்–டைட்டானியக் கலவையான நிட்டினாலுக்கு எப்படி வந்தது என்பதே இங்கே கேள்வி.

இதற்கு எல்லோரும் கைகாட்டுவது ஜார்ஜ் காஃப்மன், ஐசக் மேயோ இருவரும் 1997-இல் எழுதிய நிட்டினால் வரலாற்றை. கடன்பட்டிருக்கிறேன், ஆனாலும் அதன் துணைத்தலைப்பிலேயே நிற்கும் ‘தற்செயல்’ என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்கக் கடற்படைப் படைக்கல ஆய்வகத்துக் கூட்டம் ஒன்றில், விசிறிபோல மடித்த நிட்டினால் பட்டை கைமாறிக் கைமாறிச் சென்றது. டேவிட் மஸ்ஸி என்பவர் தம் புகைக்குழாய் லைட்டரை அதன் அருகில் பிடித்தார். மடிப்பெல்லாம் விரிந்து பட்டை நேராயிற்று. உலோகத்துக்கு நினைவாற்றல் உண்டு என்பது அன்று தெரிந்தது என்பார்கள். மேடைக்கு ஏற்ற காட்சிதான். ஆனால் வழிகாட்டிக் கம்பிக்கு இந்த நினைவாற்றல் தேவையே இல்லை. நாளத்துக்குள் அதை யாரும் சூடாக்குவதில்லை. வளைவில் வளைந்து, வளைவு தாண்டியதும் மடிப்பு விழாமல் நிமிர்வதே அதன் வேலை. அதற்குப் பெயர் மீமீள்தன்மை. லைட்டர் கதை நினைவாற்றலை விளக்குகிறது, கம்பியை விளக்கவில்லை.

கம்பியின் தொடக்கத்தை அதே கட்டுரையில் இன்னோர் இடத்தில் காண்கிறேன். ஆசிரியர்கள் அதைச் சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 1959-இல் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் பியூலர், ஏவுகணையின் மூக்குக் கூம்புக்கு உலோகம் தேடிக்கொண்டிருந்தார். உருக்கி வார்த்த கலவைக் கட்டிகளில் ஆறிப்போன ஒன்றைச் சிமென்ட் தரையில் போட்டார். ஈயம் விழுந்தாற்போல் ‘தொப்’பென்றது. உள்ளே கீறல் விட்டிருக்குமோ என்று அஞ்சி, இன்னும் சூடாக இருந்த மற்றொன்றைப் போட்டார். அது மணிபோல் ‘கணீர்’ என்றது. உடனே அந்தச் சூடான கட்டியைக் குடிநீர்க் குழாயடிக்குக் கொண்டுபோய்க் குளிரவைத்து மறுபடி போட்டார். இப்போது அதுவும் ‘தொப்’. கொதிநீரில் சூடாக்கியதும் ஓசை திரும்பியது.

இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் தற்செயல் என் கண்ணில் படவில்லை. முதல் கட்டி விழுந்தது வேண்டுமானால் அப்படி இருக்கலாம். ஒரே கட்டியைக் குளிர்வித்தும் சூடாக்கியும் ஓசையை ஒப்பிட்டது சோதனை; கருவி ஒன்றும் இல்லாத, ஆனால் பிசகில்லாத சோதனை. வெண்கலப் பாத்திரத்தைச் சுண்டிப் பார்த்து, பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கீறல் விட்டால் ஓசை செத்துப்போகும். ஆனால் கீறல் எதுவும் சூட்டில் கூடி, குளிரில் பிரியாது. ஆகவே மாறுவது உலோகத்தின் உள்ளமைப்பு என்ற முடிவுக்குப் பியூலரின் செவியே அவரைக் கொண்டுபோனது.

ஓசைக்கும் கம்பிக்கும் என்ன தொடர்பு? குளிரில் இருக்கும் மார்ட்டென்சைட் அமைப்பு அதிர்வை விழுங்கும், வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும். சூட்டில் இருக்கும் ஆஸ்டனைட் அமைப்பு ஒலிக்கும். ஆஸ்டனைட்டை வளைத்தால், வளையும் இடம் மட்டும் மார்ட்டென்சைட்டாக மாறி இடங்கொடுக்கும். பிடியை விட்டதும் பழையபடி திரும்பும். சாதாரண எஃகு 1 விழுக்காடு நீள்வதற்குள் மீளாமல் வளைந்துவிடும். நிட்டினால் 8 விழுக்காடு வரை நீண்டும் மீளும். ஆக, 37 பாகை உடற்சூட்டில் கம்பி ‘கணீர்’ பக்கத்தில் இருந்தாக வேண்டும். லைட்டரைவிடச் சிமென்ட் தரையே கம்பிக்கு நெருக்கம் என்று நான் சொல்வது இதனால்தான். மீமீள்தன்மை நிட்டினாலோடு பிறந்ததும் அல்ல. தங்க–காட்மியக் கலவையில் ரப்பர்போன்ற மீள்தன்மையை ஆர்னே ஓலாண்டர் 1932-இலேயே பதிவு செய்தார்.

அடுத்த கண்ணியில்தான் சான்று மெலிகிறது. 1959-இன் தரையிலிருந்து நாளத்துக்குள் இந்தக் குணம் வந்தது பல் மருத்துவர் வழியே என்று சொல்லத் தோன்றுகிறது. 1970களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசென் பல் சீரமைக்கும் கம்பியாக நிட்டினாலைக் கொண்டுவந்தார். ஆனால் அது மீமீள் கம்பி அல்ல. 1985-இல் பல் சீரமைப்பு ஆய்வாளர் பர்ஸ்டோன் சீனக் கம்பியையும், 1986-இல் மியூரா ஜப்பானியக் கம்பியையும் விவரித்தபோதே மீமீள்தன்மை வாய்க்குள் வந்தது. அதே பத்தாண்டில்தான் ஜப்பானின் டெருமோ நிறுவனம் நிட்டினால் உட்தண்டின் மேல் பாலியூரித்தேன் உறை போர்த்தி, ஈரம்பட்டால் வழுக்கும் பூச்சுப் பூசிய கம்பியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மெல்லிய மீமீள் கம்பியைச் சீராக இழுக்கும் தொழில்திறன் இரண்டுக்கும் பொது. எது எதற்கு வழிவிட்டது என்று அடித்துச் சொல்ல இந்த ஆண்டுகள் இடம் தரவில்லை. இணைகோடு என்று கொள்வதே நேர்மை.

உடலுக்கு ஒவ்வும் தன்மையைக் குறிக்கும் உயிரிணக்கம் என்ற சொல்லையும் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும். நிட்டினாலின் எடையில் ஏறத்தாழ 55 விழுக்காடு நிக்கல். மேற்பரப்பில் படரும் டைட்டானியம் ஆக்சைடுப் படலமே நிக்கலைக் கசியாமல் தடுக்கிறது. ஒப்பிட ஒன்று: திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் குழு உருவாக்கிய இதய வால்வில், மாதிரி மேல் மாதிரியாகத் தோற்று, கடைசியில் கோபால்ட்–குரோமியக் கலவைச் சட்டத்துக்கு வந்தார்கள். 1990 டிசம்பர் 6-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். வால்வு ஆயுள் முழுதும் உள்ளே இருக்கிறது. கம்பி உள்ளே இருப்பதோ சில நிமிடம், மிஞ்சினால் சில மணி நேரம். பன்னாட்டுத் தர விதிகளிலும் 24 மணிக்கு உட்பட்ட தொடர்பு தனி வகை. கம்பிக்கு உடனடி ஆபத்து நிக்கல் அல்ல, அதன்மேல் உறையும் இரத்தம்தான். பூச்சின் அருமை அங்கே தெரியும்.

நம் மேடைகளில் சுசுருதரின் சலாகையைக் கைடு வயரின் பாட்டன் ஆக்கிவிடுகிறார்கள். அவர் பெயரிலுள்ள சுசுருத சம்ஹிதை வேறு சொல்கிறது. கண்புரை நீக்கும் சலாகைக்குச் செம்பு, இரும்பு, பொன் என்று அதன் உத்தர தந்திரப் பகுதி பெயர் சொல்கிறது. அது விறைப்பான கருவி. நூலின் இன்னொரு பகுதி, கண்ணையும் ஆசனவாயையும் ஒட்டிய, வாய் குறுகிய புரைகளைத் துழாவவோ உலோகத்தை விட்டுவிட்டுக் கொடிப்பசலை போன்றவற்றின் மெல்லிய தண்டை எடுக்கச் சொல்கிறது. வளைவுக்குத் தாவரம், உறுதிக்கு உலோகம் என்று வேலையைப் பிரித்தார்கள். இரண்டையும் ஒரே பொருளில் கேட்கும் எண்ணம் அந்த வரிகளில் இல்லை. உத்தர தந்திரம் பிற்சேர்க்கை என்று கருதப்படுவதால், இரண்டு பகுதிக்கும் ஒரே காலம் குறிப்பதும் கடினம்.

நிட்டினாலின் பிறந்த ஆண்டும் அப்படித்தான் இழுபறியில் கிடக்கிறது. லைட்டர் கூட்டம் 1961 என்போரும் 1962 என்போரும் உண்டு. பியூலர் குழுவின் ஆய்விதழ்க் கட்டுரை வெளிவந்தது 1963-இல். நினைவு உலோகத்தின் வரலாற்றை எழுதுபவர் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். கம்பியின் வரலாற்றுக்கு நான் 1959 என்றே எழுதுகிறேன், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.