சீசன் முடிஞ்சாச்சு, பூட்டைப் போடு

நேற்று பெரியம்மாவிடமிருந்து போன். "எய்யா, மெத்தையெல்லாம் காயப் போட்டாச்சு. நாளைக்குப் பூட்டுதேன்." செம்பூரில் அக்டோபர் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு உடனே குற்றாலச் சாரல் ஞாபகம்.

விடுதி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மேலகரத்தில் ஆறு அறை, ஒரு கிணறு, அண்டா வைக்க ஒரு அடுப்பு. ஜூனில் திறப்போம், ஐப்பசி பிறந்தால் பூட்டு. தாத்தா காலத்துக் கணக்கு நோட்டிலும் இதே கதைதான்.

மும்பையை நனைக்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து எங்களுக்குச் சாரலாகிறது. செப்டம்பரோடு அது ஓயும். அடுத்து வடகிழக்கு: அடைமழை, வெள்ளம், குளிக்கத் தடை. தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டும், வியாபாரம் இருக்காது!

சீசன் பழசு. 19ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குத் தப்பி இங்கே வந்தார்கள். 1904இல் செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லம் வரை ரயில் ஓடியது, வருவது சுலபமானது. ரசிகமணி டி.கே.சி. 1954இல் காலமாகும்வரை ராஜாஜி, கல்கி போன்றவர்களைக் குற்றாலத்துக்கு அழைத்து விருந்து வைத்தார். அவர் வாடகை வாங்கவில்லை, எங்கள் தாத்தா வாங்கினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐயப்ப பக்தர்கள் பெருகிய பிறகு கார்த்திகையில் மறுபடி திறக்கிறோம். ஆக, இப்போது பூட்டு ஒரு மாதத்துக்குத்தான்.

ஆனால் 2020, 2021 இரண்டு சீசனிலும் அருவியில் குளிக்கத் தடை. திறக்காமலே பூட்டிக் கிடந்தது வீடு. 2019இல் கழிவறைகளைப் புதுப்பிக்க வாங்கிய கடன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரிசர்வ் வங்கி 2020இல் ஆறு மாதம் தவணைக்கு அவகாசம் தந்தது. வட்டிக்கு ஏது அவகாசம்? பயிர்க்கடன் என்றால் அறுவடையைப் பார்த்துத் தவணை வைக்கிறோம். சாரலை நம்பிப் பிழைக்கிற வீட்டுக்குப் பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை. இந்த மாதிரி அட்டவணை போட்டுக் கொடுப்பது நானும்தான், இன்னொரு கிளையில். அந்த இரண்டு வருடப் பாக்கியை பெரியம்மா இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

போனை வைக்குமுன் கேட்டார்: "எனக்கும் முட்டி வலி. கார்த்திகைக்குத் திறக்கவா, இல்ல வித்துருவமா? சாவிய இந்தத் தடவை யாருகிட்ட குடுக்க?"

கார்த்திகைக்குப் பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.