பக்கத்து சீட் வாத்தியார்

ஞாயிற்றுக்கிழமை காலையில், பாதி வீடுகள் மட்டுமே முளைத்திருக்கும் ஏதாவது ஒரு புது நகர் பக்கம் போய்ப் பாருங்கள். முன்னாலும் பின்னாலும் சிவப்பு 'எல்' ஒட்டிய கார் ஒன்று, விக்கல் வந்த ஆசாமி மாதிரி குலுங்கிக் குலுங்கி நகர்ந்து கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி மகள். பக்கத்து சீட்டில் அப்பா. 'கிளட்ச்சை மெதுவா விடும்மா' என்று சொல்லிக்கொண்டே, தன் காலடியில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்துக் கொண்டிருப்பார்!

மகள் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிவிடுவாள், விடுங்கள். நான் சொல்ல வந்தது பக்கத்து சீட் அப்பாவின் சரித்திரத்தை. அவரை அங்கே உட்கார வைத்தது எந்தச் சட்டம்? அதற்கு இங்கிலாந்து வரை போக வேண்டும்.

1903-ல் அங்கே மோட்டார் கார் சட்டம் வந்தது. 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து, கார் ஓட்ட லைசென்ஸ் கட்டாயம். எப்படி வாங்குவது? வெகு சுலபம். ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து 5 ஷில்லிங் கட்டினால் போதும். வயது 17 ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரேக் எது, ஆக்ஸிலரேட்டர் எது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாய் வளர்ப்பதற்கும் அங்கே அப்போது லைசென்ஸ் உண்டு. அரசாங்கத்தின் பார்வையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் போல!

முப்பது வருஷம் இப்படியே ஓடியது. 1930-ல் இன்னொரு கூத்து. மணிக்கு 20 மைல் என்றிருந்த வேக வரம்பை யாரும் மதிப்பதில்லை என்று சொல்லி, கார்களுக்கு அதையே எடுத்துவிட்டார்கள். 1934-ல் கணக்குப் பார்த்தார்கள். நாட்டில் சுமார் 24 லட்சம் வண்டிகள். அந்த ஒரே வருஷத்தில் சாலையில் செத்தவர்கள் 7,343 பேர்! அதில் ஏறக்குறைய பாதிப்பேர் நடந்து போனவர்கள். கார் வாங்கும் வசதி இல்லாதவர்கள், காரால் செத்தார்கள்.

அந்த வருஷம் நாடாளுமன்றத்தில் புதிய சாலைச் சட்ட மசோதா வந்தபோது, மூர் பிராபஸான் என்ற உறுப்பினர் எழுந்தார். சாமானியர் அல்ல. பிரிட்டனில் விமானம் ஓட்டுவதற்கான முதல் சான்றிதழை 1910-ல் வாங்கியவர். அவர் பேசியதன் சாரம் இதுதான்: வருஷத்துக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் தற்கொலை செய்துகொள்கிறார்கள், அதற்கு யார் அலறுகிறார்கள்? ஆரம்ப காலத்தில் கோழிகளும் நாய்களும் காரில் அடிபட்டன, இப்போது அவை ஒதுங்கிப் போகக் கற்றுக்கொள்ளவில்லையா? அதுபோல இதுவும் தானே சரியாகிவிடும்! மனிதர்களும் கோழிகளைப் பார்த்துக் கற்க வேண்டும் என்கிறார் மனுஷன். கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்!

நல்லவேளை, போக்குவரத்து அமைச்சராக வந்த ஹோர் பெலிஷா அந்த ரகம் இல்லை. லண்டனில் தெருவைக் கடக்கும்போது அவர் மீதே ஒரு கார் மோதப் பார்த்தது. பாதசாரிகள் கடக்கும் இடங்களில் ஆரஞ்சு உருண்டை வைத்த கம்பங்களை நட்டார். அவர் பெயரில்தான் அவற்றை இன்றும் அழைக்கிறார்கள். 1935 மார்ச்சில், விரும்பியவர்களுக்கு டிரைவிங் டெஸ்ட் ஆரம்பமானது. ஜூன் 1 முதல் கட்டாயம். கட்டணம் ஏழரை ஷில்லிங். டெஸ்ட் வைக்கத் தனி இடம்கூடக் கிடையாது. ரயில்வே ஸ்டேஷன் வாசலிலோ பூங்கா பக்கத்திலோ காத்திருந்து தேர்வாளரைச் சந்திக்க வேண்டும்.

டெஸ்ட் என்று வந்தால் பயிற்சி வேண்டுமே? அதற்குத்தான் தற்காலிக லைசென்ஸும் 'எல்' பலகையும் பிறந்தன. கற்றுக்கொள்பவர் தனியாகப் போகக்கூடாது, பக்கத்தில் முழு லைசென்ஸ்காரர் இருக்க வேண்டும். நம்ம அப்பா காருக்குள் ஏறியது இங்கேதான்.

ஆனால், ஒரு வேடிக்கை பாருங்கள். 1934 ஏப்ரல் 1-க்கு முன்பே லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு டெஸ்ட்டே கிடையாது, ஆயுசு முழுக்க! ஆக, 1935-ல் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதட்டிக் கொண்டிருந்த அப்பாக்கள் அநேகமாக எந்தத் தேர்வும் எழுதாதவர்கள். பாஸாகாத வாத்தியார், பாஸாக வேண்டிய மாணவி.

1939 செப்டம்பரில் உலக யுத்தம். டெஸ்ட்டுகள் நின்றன. குண்டுவீச்சுக்குப் பயந்து தெருவிளக்கு, ஹெட்லைட் எல்லாவற்றையும் இருட்டடித்ததில், 1941-ல் சாலைச் சாவு 9,169 ஆக ஏறியது. டெஸ்ட் மறுபடி ஆரம்பித்தது 1946 நவம்பரில்தான். அதுவரை தற்காலிக லைசென்ஸிலேயே காலம் தள்ளியவர்களை என்ன செய்வது? 1947 பிப்ரவரியில் ஒரு வருஷம் அவகாசம் கொடுத்து, டெஸ்ட் இல்லாமலே முழு லைசென்ஸாக மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். தேர்வு எழுதாத வாத்தியார்களில் இன்னொரு தலைமுறை!

பிறகு 1956. எகிப்தின் நாசர், சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்தன. கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தது எகிப்து. லண்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அதைக் கவனிக்க ஆள் வேண்டாமா? டிரைவிங் தேர்வாளர்களை ரேஷன் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நவம்பர் கடைசியிலிருந்து அடுத்த ஏப்ரல் வரை டெஸ்ட்டே இல்லை. கற்றுக்கொண்டிருந்தவர்களிடம் அரசாங்கம் என்ன சொன்னது தெரியுமா? பக்கத்தில் ஆளில்லாமல் தனியாகவே ஓட்டிக்கொள்ளுங்கள்!

எகிப்தில் நாசர் போட்ட ஒரு கையெழுத்து, பர்மிங்ஹாமில் யாரோ ஒரு அப்பாவைக் காரை விட்டு இறக்கிவிட்டது. டெஸ்ட் திரும்ப வந்ததும் அவர் மறுபடி ஏறிக்கொண்டார். இன்றும் அங்கே டிரைவிங் ஸ்கூல் போவது கட்டாயம் இல்லை. 21 வயது நிரம்பி, மூன்று வருஷம் லைசென்ஸ் வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

நம் ஊரில்? பிரிட்டிஷ் இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 1939-ல் வந்தது. இப்போது இருப்பது 1988-ம் வருஷத்துச் சட்டம், 1989-ம் வருஷத்து விதிகள். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்', பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். சொந்தக் காருக்கு ஸ்கூல் சான்றிதழ் வேண்டியதில்லை. லைசென்ஸ் உள்ள ஒருவர் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற மாதிரி அவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறது விதி.

டிரைவிங் ஸ்கூல் கார் என்றால் அவர் காலடியிலும் பிரேக் இருக்கும். அப்பாவின் காரில் அவர் கைக்கு எட்டுவது, நடுவில் இருக்கும் ஹேண்ட் பிரேக் ஒன்றுதான்!