கம்பியின் மறுமுனையில் இருந்தவர்கள்

நெஞ்சுக்குள் பொருத்தப்படும் பேஸ்மேக்கரின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1958 அக்டோபர் 8 அன்று, சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் உருவாக்கிய கருவியை அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங், ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தினார். அது சில மணி நேரமே இயங்கியது. லார்சனோ அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளைத் தாங்கி 2001 வரை வாழ்ந்து, அம்மருத்துவர், பொறியாளர் இருவரின் மறைவையும் கண்ட பின்னரே மறைந்தார். இது பலரும் அறிந்த கதை. பொருத்திய கருவி ஒழுங்காக இயங்குகிறதா என்பதை அதன் பிறகு யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இப்பதிவு அவர்களைப் பற்றியது.

தொடக்கம் பேஸ்மேக்கருக்கும் முந்தையது. 1905இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐன்தோவன் இதயத்தின் மின்சைகையைத் தொலைபேசிக் கம்பி வழியே வரவழைத்துப் பதிவு செய்தார். (அவர் பிறந்தது ஜாவாவின் செமாராங்கில் என்பது ஓர் உதிரித் தகவல்.) புதுமை மோகத்தால் செய்த வேலையன்று அது. அவருடைய கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை கொண்டது. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. அதை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல முடியாது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை ஆய்வகத்துக்கு அழைத்து வருவதும் எளிதன்று. ஆகவே ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில், உப்புநீர்ப் பாத்திரங்களில் கைகளையும் காலையும் அமிழ்த்தியபடி நோயாளி மருத்துவமனையிலேயே இருக்க, சைகை மட்டும் கம்பியில் பயணம் செய்தது.

அறுபதுகளின் பேஸ்மேக்கர்கள் பாதரச-துத்தநாக மின்கலங்களில் இயங்கின. அவை ஓரிரு ஆண்டுகளே தாக்குப்பிடித்தன. எது எப்போது ஓயும் என்பதையும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. முன்கூட்டியே மாற்றினால் தேவையற்ற அறுவை. காத்திருந்தால் இதயம் நின்றுபோகும் அபாயம். இந்த இக்கட்டிலிருந்துதான் தொலைபேசிச் சிகிச்சையகம் பிறந்தது. நியூயார்க்கின் மாண்ட்டிஃபியோர் மருத்துவமனையில் சீமோர் ஃபர்மனும் அவருடைய குழுவினரும் அதனை நடத்தி, 1971இல் அதைப் பற்றி எழுதினார்கள்.

அதன் செய்முறை எளியது. நோயாளி தம் வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைப்பார். உடலோடு இணைத்த ஒரு சிறு கருவி இதயத் துடிப்பின் மின்சைகையை ஏறி இறங்கும் ஒலியாக மாற்றும். அவ்வொலியைத் தொலைபேசியின் வாய்ப்பகுதி வாங்கிக்கொள்ளும். மறுமுனையில் அது மீண்டும் காகிதத்தில் கோடாகும். பிறகு பேஸ்மேக்கருக்கு மேலே மார்பின் மீது ஒரு காந்தத்தை வைக்கச் சொல்வார்கள். காந்தம் பட்டதும் கருவி, இதயம் தானாகத் துடிக்கிறதா என்று பாராமல், குறித்த வேகத்தில் துடிப்பை அனுப்பும். மின்கலம் தளரத் தளர அந்த வேகம் குறையும். உடலைத் திறக்காமலே மின்கலத்தின் எஞ்சிய ஆயுளை மதிப்பிட இவ்வளவே போதுமானதாயிற்று.

மொழியியல் பயின்ற எனக்கு இவ்வழைப்பில் ஈர்ப்பான பகுதி வேறு. ஒரே கம்பியில் இரண்டு உரைகள் மாறிமாறிச் சென்றன: ஒன்று கருவியின் ஒலி, மற்றொன்று மனிதரின் பேச்சு. மறுமுனையில் இருந்தவர் கோட்டை மட்டும் வாசிக்கவில்லை; தலை சுற்றுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்கவும் முடிந்தது. குரலின் களைப்பும் அவர் காதில் விழுந்தது. அது எந்தக் காகிதத்திலும் பதிவாகவில்லை.

2001இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற பயோட்ரானிக் நிறுவனத்தின் முறை இதை மாற்றியது. அடுத்த ஆண்டே மெட்ரானிக்கின் கேர்லிங்க் வந்தது. இப்போது படுக்கையருகே ஒரு பெட்டி. நோயாளி உறங்கும்போது உள்ளிருக்கும் கருவி அதனோடு வானலையில் பேசும். பெட்டி கைப்பேசி வலையமைப்பு வழியே செய்தியை அனுப்பும். மருத்துவமனை ஊழியர் அதனைத் திரையில் காண்பார். நோயாளி எதுவும் செய்ய வேண்டியதில்லை. எதுவும் சொல்லவும் வாய்ப்பில்லை.

பயன் ஐயத்துக்கு இடமற்றது. 1980இல் பால்டிமோரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட டீஃபிப்ரிலேட்டர், ஆபத்தான தாளப் பிறழ்வை உணர்ந்தால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி தருவது. அவ்வகைக் கருவி பொருத்தப்பட்ட 1,339 பேரைக் கொண்டு நடந்த 'டிரஸ்ட்' ஆய்வு 2010இல் வெளியானது. நேரில் வரும் சோதனைகள் 45 விழுக்காடு குறைந்தன, பாதுகாப்பு குறையவில்லை. தாளப் பிறழ்வு நேர்ந்து அதனை மருத்துவர் மதிப்பிடும் வரையிலான இடைவெளியின் நடுமதிப்பு, வழக்கமான முறையில் 36 நாள். தொலைக் கண்காணிப்பில் இரண்டு நாளுக்கும் குறைவு. இந்த 34 நாள்களை எந்தத் தத்துவ வாதத்தாலும் தள்ளிவிட முடியாது.

ஆயினும் கண்காணிப்பு என்ற சொல்லே ஒரு வாக்குறுதியைத் தருகிறது. இச்சொல்லின் உறவினரான கங்காணியை இலங்கை, மலாயாத் தோட்டங்களின் வரலாற்றில் நாம் அறிவோம்: விடியல் முதல் வேலை முடியும்வரை கண் எடுக்காதவர். அதே சொல்லைக் கேட்கும் நோயாளி, தம் இதயத்தை யாரோ இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணினால் அது அவர் பிழையன்று. உண்மையில் இது அவசர உதவிச் சேவையன்று. சனிக்கிழமை இரவு வந்து சேரும் எச்சரிக்கை திங்கட்கிழமை காலையில்தான் வாசிக்கப்படக்கூடும். நெஞ்சு வலித்தால் பெட்டியை நம்பியிராமல் ஆம்புலன்சை அழைக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்வதும் இப்பணியாளர்களின் வேலையே.

மௌனத்தின் சிக்கல் இன்னும் கடினமானது. தொலைபேசிக் காலத்தில் அழைப்பு வரவில்லை என்றால் வரவில்லை என்று தெரியும். தானியங்கி முறையில் எச்சரிக்கை இல்லை என்பதற்கு இரண்டு பொருள்: எல்லாம் நலமாக இருக்கலாம், அல்லது பெட்டி இணைப்பிலேயே இல்லாதிருக்கலாம். செய்தியின்மையைச் செய்தியாகப் பிரித்தறிய, இணைப்பு அறுந்தோர் பட்டியல் ஒன்றை மென்பொருள் தனியே காட்டுகிறது. அதனை யாரேனும் ஒருவர் திறந்து பார்த்தாக வேண்டும்.

அந்த ஒருவரை எண்ணிக்கையில் கொண்டுவர நெடுங்காலம் ஆயிற்று. தகுதியுள்ள அனைவருக்கும் தொலைக் கண்காணிப்பை வழங்க வேண்டும் என்று 2015இலேயே இதயத் தாளவியல் வல்லுநர்கள் பரிந்துரைத்துவிட்டார்கள். தொடர்ந்து இணைப்பில் இருந்து, அண்மையில் எச்சரிக்கையும் வேறு இதயச் சிக்கலும் இல்லாதவர் 24 மாதங்களுக்கு ஒருமுறை நேரில் வந்தால் போதும் என்று 2023 அறிக்கை கூறுகிறது. 1,000 நோயாளிகளுக்குக் குறைந்தது மூன்று முழுநேரப் பணியாளர் வேண்டும் என்ற கணக்கும் அவ்வறிக்கையில்தான் இடம்பெறுகிறது. கருவி வேலையைக் குறைக்கும் என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் கண்டதில்லை. மருத்துவமனைக்கு வருவோர் வரிசை குறைந்தது. வாசிக்க வேண்டிய செய்திகளின் வரிசை நீண்டது.

இணைப்பு அறுந்தோர் பட்டியலை வைத்துக்கொண்டு பணியாளர் செய்வது பழைய வேலையைத்தான்: தொலைபேசியை எடுத்து ஒவ்வொருவராக அழைப்பது. கட்டிலை நகர்த்தும்போது யாரோ பெட்டியின் இணைப்பைப் பிடுங்கியிருப்பார்கள். இன்னொருவர் வீடு மாறியிருப்பார். சில அழைப்புகளில் பேசுபவர் அந்நோயாளியின் மனைவியாகவோ மகனாகவோ இருப்பார். சென்ற வாரமே எல்லாம் முடிந்துவிட்டது என்பார். அந்தப் பெட்டியை இனி என்ன செய்வது என்பதையும் அழைத்த பணியாளரே விளக்க வேண்டியிருக்கும்.