தென்னமரம்: ஒரு தோட்டத்தின் பெயர்

சரித்திரம் என்றால் அரசர்களின் முடிசூட்டும் படையெடுப்புமே என எண்ணுவோர், கோல சிலாங்கூரில் மெலாவத்திக் குன்றின் பீரங்கிகளைக் கண்டுவிட்டுத் திரும்பிவிடுவர். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர் அவர்கள் செவியில் விழுந்திராது. அப்பெயர் தென்னமரம்! மலாய் மண்ணில், பிரெஞ்சுக்காரர் நடத்திய தோட்டத்துக்குத் தமிழ்ப் பெயர். அங்கே உழைத்தோர் மொழி எதுவென்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஹென்றி ஃபோக்கோனியே என்பார் 1905-ல் மலாயா வந்து, ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் பயிரிட்டார். 1917-ல் தென்னமரத்தில் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். மலேசியாவின் செம்பனைத் தொழிலுக்கு அதுவே தொடக்கம். அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930-ல் கொன்கூர் பரிசு பெற்றது. துரைக்கு இலாபமும் கிட்டிற்று, புகழும் கிட்டிற்று. காடழித்தவனுக்குக் கிட்டியது யாது?

ஒப்பந்தக் கூலிமுறை 1910-ல் ஒழிந்தது. ஆயினும் கங்காணி முறை நீடித்தது. கங்காணி தன் சொந்த ஊருக்கே சென்று உற்றாரையும் அயலாரையும் ஆசை காட்டி அழைத்து வருவான். ஆளுக்கு இவ்வளவு என்று அவனுக்குப் பணம். நாகையிலும் சென்னையிலும் மக்கள் கப்பலேறினர். அவர்களோடு சாதியும் கப்பலேறிற்று என்பதை வெட்கத்துடன் சொல்லவேண்டும். 1938-ல் இந்திய அரசாங்கம் ஆளனுப்புவதைத் தடுத்தபோது, லயங்களில் பிறந்த ஒரு தலைமுறை அங்கேயே வளர்ந்துவிட்டிருந்தது.

விடியுமுன் பெரட்டு, பின்னர் பால்வெட்டு, மாலையில் கள்ளுக்கடை. பகலெல்லாம் ஈட்டிய காசு அந்தியில் கரைந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்தவேண்டுமென 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகள் பல அவ்விதம் எழுந்தவையே. கோயிலைத் தாமே எழுப்பினர், குழந்தைகளைப் பெற்றனர், மூத்தோரை அம்மண்ணிலேயே புதைத்தனர்.

ஆனால் வீடு மட்டும் அவர்களுடையதன்று. வேலை உள்ளவரைதான் கூரை! தோட்டங்கள் கைமாறியபோது, முப்பாட்டன் காலத்து லயத்திலிருந்து வெளியேற நேர்ந்த குடும்பங்கள் பல. மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீடு கேட்டுப் பல்லாண்டுகள் காத்திருந்த கதையை வட சிலாங்கூர் அறியும்.

பத்தாங் பெர்ஜுந்தை 2007-ல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. ஊரின் பெயர் மாறலாம். உழைத்தவர் நினைவு மாறலாகாது. லயங்கள் இடியுமுன், முதியோர் மறையுமுன், அவர்தம் வரலாற்றைக் கேட்டு எழுதுவது கற்ற இளைஞர் கடன். உழைப்பால் நாட்டை ஆக்கியவனுக்கு அந்நாட்டில் ஒரு பிடி நிலம் கேட்பது பிச்சையன்று, நியாயம்.