மாத்தளை மலையில் தப்பொலி

பாடுவோரும் ஆடுவோரும் கொட்டுவோரும் கூடிய ஒரு குழு வெற்றி பெற்றது என்று எதனைக் கொண்டு சொல்வது? பெற்ற பொருளைக் கொண்டா, பரவிய புகழைக் கொண்டா, ஏறிய அவையைக் கொண்டா? இவ்வினா மிகப் பழையது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், இதற்கு ஒரு விடை தருகின்றது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் கூத்தர் கூட்டத்தைக் காண்கிறான். தான் பெற்றதைச் சொல்லி, மலைவழியின் இடர்களையும் இனிமைகளையும் விளக்கி, அவர்களை அப்புரவலனிடம் செல்லுமாறு ஆற்றுப்படுத்துகிறான். அக்கூட்டத்தார் சுமந்து செல்லும் முழவும் ஆகுளியும் குழலும் தூம்பும் அந்நூலின் தொடக்கத்திலேயே வரிசையாகச் சொல்லப்படுகின்றன. தான் பெற்ற பேற்றைப் பிறரும் பெற வழி காட்டுவதே அக்கூத்தனுடைய வெற்றியின் நிறைவு.

பன்னூறு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு தமிழ்க்கூட்டம் மலைவழி நடந்தது. அது சென்ற இடத்தில் நன்னன் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மத்திய மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கினர். காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து, ஏறத்தாழ 150 மைல் தொலைவு கால்நடையாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். உயிரோடு வந்தவர்களுக்கு மலைநாட்டின் வாயிலாக நின்ற ஊர் மாத்தளை. 1880இல் கண்டியிலிருந்து அங்கே புகைவண்டிப் பாதை வந்தது. கோப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அம்மலைகளில் வேரூன்றின. வந்தவர் கையில் இருந்த உடைமை சிறிது. நெஞ்சில் இருந்த தெய்வமும் கதையும் தாளமும் பெரிது. மாரியம்மன் வழிபாடும் காமன் கூத்தும் தப்பும் அவ்வாறு வந்த செல்வங்களே.

தமிழகத்தில் பறை எனப்படுவதே மலையகத்தில் தப்பு எனப்படுகின்றது. வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றி, ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் மறுகையில் தடித்த குறுங்குச்சியும் கொண்டு அடிப்பர். தோற்றத்தில் எளிய கருவி, ஆற்றலில் அவ்வாறன்று. திருவிழாவிற்கு ஓர் அடி, திருமணத்திற்கு ஓர் அடி, சாவிற்கு ஓர் அடி, கூத்திற்குப் பாத்திரத்திற்கேற்ப வெவ்வேறு அடி என்று அது பேசும் மொழிகள் பல. கண்ணால் காணாமலே, ஒலியைக் கொண்டே, அடுத்த லயத்தில் நிகழ்வது இன்னது என்று அறியக் கூடியவர்களாகத் தோட்டத்து மக்கள் இருந்தனர்.

இக்கருவிக்குத் தோட்ட வாழ்க்கையில் இருவேறு வேலைகள் அமைந்தன. விடியுமுன் தப்படித்து ஆட்களை எழுப்பிப் பெரட்டுக் களத்திற்கு அழைப்பது ஒன்று. அந்த ஒலி துரையின் கட்டளை, கங்காணியின் குரல். அதனை எவ்வளவு திறமையாக அடித்தாலும் கலைஞனுக்கு அதில் வெற்றி என்பது இல்லை. இரவில் கூத்துக்களத்தில் ஒலிப்பது மற்றொன்று. அவ்வொலி மக்களுக்கே உரியது. பகலில் ஏவலுக்கு அடித்த அதே கைகள் இரவில் தம் விருப்பால் அடித்தன. மலையகத் தப்பிசையின் வரலாறு முழுவதும் இவ்விரண்டிற்கும் இடையே நடந்த போராட்டமே எனலாம்.

இரவுக் கலைகளுள் தலையாயது காமன் கூத்து. மாசித் திங்களில் அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் ஊன்றுவர். அது தொடங்கிப் பௌர்ணமி வரை இரதியும் மதனும் ஆடிவருவர். தவம் கலைந்த சிவன் மதனை எரிப்பதும் இரதி புலம்புவதும் கதையின் உச்சம். ஆடுவோர் பகலில் மலையில் உழைப்பவரே. ஒப்பனைக்கும் உடைக்கும் பொருள் தருவோர் தோட்டத்து மக்களே. கட்டணச் சீட்டு இல்லை, மேடை இல்லை, திரை இல்லை. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இவ்வாறே ஆடப்பட்டன.

அங்கே வெற்றியை அளந்த முறை என்ன? முதலாவது அளவு விடியல். மறுநாள் மலையேற வேண்டிய மக்கள் உறங்கப் போகாமல் வைகறை வரை பனியில் அமர்ந்திருந்தால் கூத்து வென்றது. இரண்டாவது அளவு கண்ணீர். பலமுறை கண்ட கதையே எனினும், இரதியின் புலம்பலில் களம் அழுதால் கூத்து வென்றது. மூன்றாவது அளவு அழைப்பு. அடுத்த ஆண்டும் அதே மக்கள் வெற்றிலை பாக்கோடு வந்து அழைத்தால், அயல் தோட்டத்தாரும் கேள்வியுற்று அழைத்தால், அக்குழு மெய்யாகவே வென்றது. ஒருமுறை அழைப்பது ஆவலாலும் நிகழலாம். மறுமுறை அழைப்பது மதிப்பினால் மட்டுமே நிகழும். நான்காவது அளவு, அடியைக் கற்றுக்கொள்ள வந்து நிற்கும் இளைஞன். வாய்மொழியாக வந்த திரிபிடகம் கிறித்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டது மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் என்பது மரபு. அதே மண்ணில் தப்பின் அடிகளோ ஏட்டில் ஏறாமல் கையிலிருந்து கைக்கே சென்றன. கற்க ஒருவன் வராவிடின் கலை அன்றே முடிந்தது.

ஆனால் இவ்வளவுகோல்கள் யாவும் இருந்தும், தப்படித்தவனுக்கு ஒன்று மறுக்கப்பட்டது. சாதியின் பெயரால் அக்கருவி தாழ்த்தப்பட்டது. சாவு வீட்டில் அடிப்பது அவனுடைய கலையாக அன்றி, அவனது பிறப்புக் கடமையாகக் கருதப்பட்டது. கூத்திரவில் களத்தின் நடுவே நின்றவன், பொழுது விடிந்ததும் ஒதுங்கி நிற்க வேண்டியவன் ஆனான். நாதசுரமும் தவிலும் கோயில் முன்றிலில் சிறப்பிடம் பெற்றன. அளவெட்டித் தட்சணாமூர்த்தி (1933–1975) போன்ற தவில் மேதைகள் கடல் கடந்து தமிழகத்திலும் போற்றப்பட்டனர். தோற்கருவி இரண்டும் ஒன்றே, தாளமும் ஒன்றே, கிடைத்த மதிப்போ வேறு. இதனால் அடுத்த தலைமுறையினர் பலர் தப்பைத் தொடவே கூசினர். தந்தையின் கலையைக் கைவிடுவதே தன்மானம் என்று எண்ணும் நிலை பிறந்தது. ஒரு கலைக்கு இதனினும் பெருந்தோல்வி உண்டோ?

அரசியலும் அக்குழுக்களைக் கலைத்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப்பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியா செல்லவும், 3,00,000 பேர் இலங்கையில் தங்கவும் முடிவாயிற்று. கூத்துக் குழு என்பது தனிமனிதர் தொகை அன்று. பாட்டுக்காரர் கப்பலேற, அடிக்காரர் இங்கே நின்றால், இருவர் கலையும் ஊமையாகின்றது. எஞ்சியவற்றை வன்செயல்கள் வருத்தின. 1983 யூலையில் மாத்தளை நகரத்து முத்துமாரியம்மன் கோயிலும் தீக்கிரையாயிற்று. ஆயினும் அக்கோயில் மீண்டெழுந்தது. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும் விழா இன்றும் மாத்தளையின் பெருவிழாவாக விளங்குகின்றது.

இதற்கிடையே ஒலிபெருக்கியும் திரையிசையும் தோட்டங்களில் புகுந்தன. மின் கருவிகளோடு மேடையேறிய இசைக்குழுக்கள் இளைஞரைக் கவர்ந்தன. அங்கே வெற்றியின் அளவு மாறியது: பட்டணத்துப் பாடகரின் குரலை அப்படியே ஒலிப்பவரே சிறந்தவர் ஆயினர். கூத்தின் வெற்றி, தன் மக்களின் துயரைத் தன் குரலில் சொல்வதில் இருந்தது. இங்கோ, பிறர் குரலாக மாறுவதில் இருந்தது. புதியதைப் பழிப்பதற்கில்லை; மக்கள் மகிழ்ந்தனர். எனினும் நகல் எவ்வளவு சிறந்தாலும் மூலம் கிடைத்தவுடன் நகலுக்கு அழைப்பு நின்றுவிடுகின்றது என்பதையும் காலம் காட்டியது.

மீட்சிக்கான முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோது, கற்றோர் இகழ்ந்த கலை கற்றோர் அவையிலேயே கைதட்டல் பெற்றது. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து ஓசைகளுக்கு இலக்கியத்தில் இடம் தேடித் தந்தார். தமிழகத்தில் 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் விழா பறையை மாநகரப் பூங்காக்களுக்கு அழைத்துவந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையை ஏந்தினர். மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. ஏவலாக இருந்த ஒலி, கலையாக ஏற்கப்பட்டமைக்கு இவை சான்றுகள்.

2023 யூலை 28 முதல் ஓகத்து 12 வரை, மூதாதையர் வந்த வழியை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் நடந்தனர். இருநூறு ஆண்டு வரலாற்றை உரிமைக் குரலாக மாற்றிய அந்நடைபயணம் மாத்தளையில் நிறைவுற்றது. அன்று கங்காணியின் பின்னால் நடந்தவர் பெயர்த்தியரும் பெயரரும், இன்று தம் விருப்பால் நடந்தனர்.

தப்பின் வரலாறும் இதுவே. விருதும் பெருமேடையும் நல்லவையே. ஆயின் அவை சிலருக்கே வாய்ப்பன. ஊர்க்குழுவின் வெற்றி அதனினும் எளியது, அதனினும் அரியது. கட்டளைக்காக அடிக்காமல் அழைப்புக்காக அடிப்பது, மதிப்போடு அழைக்கப்படுவது, மறு ஆண்டும் அழைக்கப்படுவது, அடியைக் கூச்சமின்றிக் கற்க ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ முன்வருவது. மலைபடுகடாத்துக் கூத்தன் பின்வருவோருக்கு வழி காட்டினான். மாத்தளை மலைகளில் தப்பெடுக்கும் முதியவன், தன் பின்னே வருவோனுக்கு அவ்வழியைக் காட்டக் கூடுமாயின், அவன் வென்றவனே ஆவான்.